தனியுரிமைச் சட்டம் படித்தால் புரிகிறது, வேலையில் உட்கார்ந்தால் தடுக்கிறது: உங்கள் நிலைமை என்ன?

#1 · கணிநெசவு · கோவை

எல்லோருக்கும் வணக்கம். எட்டுப் பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் நிறுவனம் என்னுடையது. கிளினிக், டியூஷன் சென்டர், ஜிம் போன்ற இடங்களுக்கு அப்பாயின்ட்மென்ட், பில், எஸ்எம்எஸ் எல்லாம் ஒன்றாக வரும்படி ஒரு சாஃப்ட்வேர் கொடுக்கிறோம்.

போன மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைப்பேறு சிகிச்சை பார்க்கும் ஒரு கிளினிக் எங்கள் வாடிக்கையாளர். அங்கே புதிதாக வந்த ஒரு பெண், பதிவின்போது போன் நம்பர் கேட்டதும் வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் நம்பரைச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே கிளினிக் பெயரோடு, 'நாளை காலை 10.30 மணிக்கு உங்கள் ஸ்கேன்' என்று எஸ்எம்எஸ் போய்விட்டது. போன் அப்போது மாமியார் கையில். சிகிச்சைக்கு வந்ததை அந்தப் பெண் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் ஸ்கேனுக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, வரவேற்பில் நின்று, குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று கேட்டாராம்: "யாரைக் கேட்டு அனுப்பினீங்க?"

கிளினிக்கிலிருந்து எனக்கு போன் வந்தது. பதில் என்னிடம்தான் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. புதுப் பதிவு போட்டாலே 'நினைவூட்டல் அனுப்பு' என்ற கட்டத்தில் தானாக டிக் விழும்படி நான்தான் எழுதி வைத்திருந்தேன். ஆறு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

அன்று இரவே 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து உட்கார்ந்தேன். 44 பிரிவுகள்தான். 2025 நவம்பரில் வந்த விதிகளையும் படித்தேன். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. காலையில் சாஃப்ட்வேரை மாற்ற உட்கார்ந்தால் ஒவ்வொரு திரையிலும் நின்றுவிட்டேன். 'நியாயமான பாதுகாப்பு' என்றால் எட்டுப் பேர் நிறுவனத்துக்கு எது வரை? ஒருவர் அழிக்கச் சொன்னால் பில்லையும் அழிக்கணுமா? டியூஷனில் படிக்கிற பையன் பெயரைப் பதிய அப்பா அம்மாவின் சம்மதத்தை எப்படி வாங்குவது?

நம்மைப் போன்றவர்கள் பின்பற்றுகிற அளவுக்கு இந்தச் சட்டம் தெளிவாக இருக்கிறதா? இதே வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 · அடையாறுவாசி · சென்னை

இல்லை என்பதுதான் என் பதில். பட்டுச் சொல்கிறேன்.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. 2018இல் அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒரு வரைவு கொடுத்தது. 2019 டிசம்பரில் மசோதா வந்தது. முக்கியமான சில வகைத் தரவை இந்தியாவுக்குள் வைத்தாக வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் சர்வர் அப்போது வெளிநாட்டில். கடைசி நேரத்தில் ஓடக் கூடாது என்று கடன் வாங்கி எல்லாவற்றையும் மும்பைக்கு மாற்றினோம். 2022 ஆகஸ்டில் அந்த மசோதாவையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். 2023இல் வந்த சட்டத்தில் பொதுவான நிலை தலைகீழ்: அரசு தடைசெய்யும் நாடுகளைத் தவிர மற்ற இடங்களுக்கு அனுப்பலாம். அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதும் பெரிய கடமைகள் எல்லாம் விதி வந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் அமலுக்கு வருகின்றன. அதற்குள் என்னென்ன மாறும் என்று யாருக்குத் தெரியும்? முதலில் ஓடியவன்தான் நஷ்டப்படுகிறான். அதனால் இந்த முறை காத்திருக்கிறேன்.

#3 · வக்கீல்_மேலமாசி · மதுரை

அடையாறுவாசி சாருடைய வலி நியாயமானது. ஆனால் சட்டம் மாறிக்கொண்டே இருந்தது என்பது ஒரு குறை, சட்டம் புரியவில்லை என்பது வேறு குறை. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் கணிநெசவு தம்பிக்குப் பதில் கிடைக்காது.

என் கட்சிக்காரர்கள் 'தெளிவில்லை மேடம்' என்று கொண்டுவரும் கேள்விகளில் பாதிக்குமேல் சட்டத்தில் பதில் உள்ளவை. எங்கே உதாரணம் கொடுத்திருக்கிறார்களோ அங்கே சட்டம் பளிச்சென்று இருக்கிறது. 6ஆம் பிரிவில் ஒன்று: ஒருவர் டாக்டரிடம் பேசுவதற்கான ஆப்பை இறக்குகிறார். ஆப், சிகிச்சைக்கான விவரத்தோடு போனில் உள்ள மற்றவர்களின் நம்பர்களையும் கேட்கிறது. இரண்டுக்கும் 'சரி' என்கிறார். இருந்தாலும் அந்தச் சம்மதம் சிகிச்சைக்கு மட்டும்தான் செல்லும், ஏனென்றால் நம்பர் பட்டியல் அந்தச் சேவைக்குத் தேவையில்லை. இதைவிட எப்படித் தெளிவாகச் சொல்வது? இருந்தும் டார்ச் லைட் ஆப் கூட நம்பர் பட்டியலைக் கேட்கிறது.

7ஆம் பிரிவில் மருந்துக்கடை உதாரணம். ஒருவர் மருந்து வாங்கிவிட்டு, பணம் வந்ததற்கு மெசேஜ் அனுப்புங்கள் என்று தானாக நம்பர் கொடுக்கிறார். அந்த மெசேஜுக்காகக் கடை அந்த நம்பரைப் பயன்படுத்தலாம். 'அவர் கேட்டதால்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் கிளினிக்கில் நம்பரைக் கேட்டது கிளினிக், மெசேஜைக் கேட்டது யாரும் இல்லை. நினைவூட்டலும் சிகிச்சையின் ஒரு பகுதிதானே என்று கிளினிக் வாதாட இடம் உண்டு. நானே அந்தப் பக்கம் நின்றால் அப்படி வாதாடுவேன். ஆனால் ஜெயிப்பேனா என்பது தெரியாது. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இந்த வாதமே வேண்டியதில்லை.

இன்னொன்று, தம்பி. நோயாளிகளின் தரவைப் பொறுத்தவரை சட்டத்தின் கண்ணில் பொறுப்பாளர் கிளினிக். நீங்கள் அவர்களுக்காகத் தரவைக் கையாளுபவர், அதாவது பிராசஸர். 8ஆம் பிரிவின்படி உங்கள் தவறுக்கும் கிளினிக்தான் பதில் சொல்ல வேண்டும். உங்களோடு செல்லுபடியாகும் ஒப்பந்தம் போட்டுத்தான் உங்களிடம் தரவைத் தரலாம். அப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கிறதா?

#4 · கணிநெசவு · கோவை

இல்லை மேடம். இன்வாய்ஸ் மட்டும்தான். டாக்டர்கள் யாரும் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை. எங்கள் எட்டுப் பேரின் ஆதார், பேங்க் விவரம் என்னிடம் இருக்கிறதே, அதற்கு மட்டும் நான்தான் பொறுப்பாளர் என்று இப்போது புரிகிறது.

#5 · வரவேற்பு_மேசை · திருப்பூர்

இங்கே எழுதுவதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. நான் வக்கீலும் இல்லை, கம்ப்யூட்டர் படித்தவளும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பில் இருக்கிறேன். ஊர் பெயர் மட்டும் போதும்.

காலை ஒன்பது மணிக்கு எங்கள் மேசைக்கு வந்து பாருங்கள். நாற்பது பேர் நிற்பார்கள். "பேரு? வயசு? எதுக்கு வந்திருக்கீங்க? போன் நம்பர்?" எல்லாவற்றையும் சத்தமாகக் கேட்பேன், அவர்களும் சத்தமாகச் சொல்வார்கள். பின்னால் நிற்பவர் அந்த நம்பரை அப்படியே எழுதிக்கொள்ளலாம். நோட்டு திறந்தே கிடக்கும். அதைப் பார்த்துத்தான் மத்தியானம் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம்.

இன்ஷூரன்ஸுக்கு ஆதார் வேண்டும். ஸ்கேனர் இரண்டு வருஷமாக ரிப்பேர். என் சொந்த போனில் படம் பிடித்து வாட்ஸப்பில் பில்லிங்குக்கு அனுப்புகிறேன். போன வாரம் என் பெண் பள்ளி ஆண்டுவிழாப் படங்களைப் பார்க்க என் போனை எடுத்தாள். இரண்டு படத்துக்கு நடுவில் யாரோ ஒருவரின் ஆதார், அடுத்து யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். "இது யாரும்மா?" என்று கேட்டாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

சட்டம் தெளிவாக இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. இப்படி ஒரு சட்டம் இருப்பதே இந்த இழையைப் படித்துத்தான் தெரிந்தது. எங்கள் இடத்தில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

#6 · வக்கீல்_மேலமாசி · மதுரை

அம்மா, நீங்கள் எழுதியதுதான் இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே முக்கியமானது. நோட்டில் மட்டும் இருக்கும் வரை இந்தச் சட்டம் அதைத் தொடாது. கம்ப்யூட்டரில் ஏற்றிய நிமிஷத்திலிருந்து தொடும். உங்கள் போனில் உள்ள படத்தையும் தொடும். ஆனால் பொறுப்பு உங்களுடையது இல்லை, ஆஸ்பத்திரியுடையது. வேலைக்கான போனும் ஸ்கேனரும் தர வேண்டியது அவர்கள் கடமை. இதைத் தயங்காமல் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள்.

#7 · பற்றுவரவு · ஈரோடு

நான் கணக்கு, தணிக்கை வேலையில் இருப்பவன். 'அழி' என்ற சொல்தான் எங்கள் ஆட்களைப் பயமுறுத்துகிறது, அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஜிஎஸ்டி சட்டம் கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைக்கச் சொல்கிறது. கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகத்தை 8 நிதியாண்டுக்கு வைக்கச் சொல்கிறது. உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவை மூன்று வருஷம் வைக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002ஆம் வருஷத்து விதிமுறை சொல்கிறது. புது விதிகளோ, கம்ப்யூட்டரில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற லாக் பதிவுகளை ஒரு வருஷமாவது வைக்கச் சொல்கின்றன. இத்தனைக்கும் நடுவில் வாடிக்கையாளர் வந்து 'என் விவரத்தை அழி' என்றால் எதை அழிப்பது?

நான் பலமுறை படித்துப் பார்த்தேன். சட்டத்தில் முரண்பாடு இல்லை. வேறொரு சட்டப்படி வைத்தாக வேண்டியதை அழிக்க வேண்டாம் என்று 12ஆம் பிரிவிலேயே இருக்கிறது. சிக்கல் நம் கம்ப்யூட்டரில். ஒரு ஆளுக்கு ஒரே வரி: பெயர், நம்பர், நோய், பில் தொகை, பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் தேதி எல்லாம் ஒரே வரியில் கிடக்கின்றன. பில்லுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பிறந்தநாள் தேதிக்கு இல்லை. ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டும் ஒன்றாக இருப்பதால் ஒன்றை எடுக்க முடியவில்லை. இதை வெட்டிப் பிரிக்க வேண்டியது கணிநெசவு போன்றவர்கள்தான், அரசாங்கம் இல்லை.

என் வாடிக்கையாளர் ஒருவரின் ஜவுளிக்கடையில், பத்து வருஷத்துக்கு முன் ஒரே ஒரு சேலை வாங்கியவரின் கல்யாண நாள் இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எதற்கு என்று கேட்டேன். இருக்கட்டுமே சார் என்றார். இந்த 'இருக்கட்டுமே' இருக்கிற வரை எந்தச் சட்டமும் குழப்பமாகத்தான் தெரியும்.

#8 · தீவுத்தமிழ் · சிங்கப்பூர்

சிங்கப்பூரில் ஒரு தளவாட (லாஜிஸ்டிக்ஸ்) நிறுவனத்தில் தரவுப் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். இங்கே சட்டம் 2012இல் வந்தது, முக்கியக் கடமைகள் 2014 ஜூலையில் அமலுக்கு வந்தன. அப்போது எங்கள் நிறுவனத்திலும் இதே பேச்சுத்தான். 'நியாயமான ஒரு மனிதர் பொருத்தம் என்று கருதுவது' என்று சட்டம் முழுக்க வரும். யார் அந்த நியாயமான மனிதர் என்று கூட்டம் போட்டுப் பேசினோம்.

சட்டத்தின் வாசகம் அப்படியே இருந்தது. தெளிவு வேறு இரண்டு வழியில் வந்தது. ஒன்று, இங்குள்ள தரவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்புகள். அடையாள அட்டை எண் விஷயத்தைப் பாருங்கள். எங்கள் அடுக்குமாடிக் காவல் அறையில் வருகிறவர்கள் எல்லாரும் அட்டை எண்ணைப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 2019 செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து, சட்டம் கேட்டாலோ அடையாளத்தைத் துல்லியமாக உறுதி செய்ய அவசியம் இருந்தாலோ தவிர அந்த எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்று ஆணையம் சொல்லிவிட்டது. ஒரு வாரத்தில் புத்தகத்தில் அந்தப் பத்தியே காணாமல் போனது. காவலரிடம் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால் அவரே சொல்வார்.

இரண்டாவது, தீர்ப்புகள். யார் என்ன தவறு செய்தார்கள், ஏன் இவ்வளவு அபராதம் என்று பக்கம் பக்கமாக வெளியிடுகிறார்கள். 2018இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடு போனது. சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதன் கணினி வேலையைப் பார்த்த நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளி அபராதம். அந்தத் தீர்ப்பை நான் வரிவரியாகப் படித்தேன். 'நியாயமான பாதுகாப்பு' என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. சின்னக் கடைகள் மீதான சின்னத் தீர்ப்புகள் இன்னும் உதவியாக இருந்தன, அவற்றில் எங்களையே பார்த்தோம்.

அதனால் கணிநெசவு, உங்கள் கேள்விக்கு என் பதில்: இந்தியச் சட்டம் முதல் வருஷத்துச் சட்டம் எவ்வளவு தெளிவாக இருக்குமோ அவ்வளவு தெளிவாக இருக்கிறது. மீதியை அங்கே அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம்தான் எழுத வேண்டும், மறைக்காமல் வெளியிட வேண்டும்.

#9 · அடையாறுவாசி · சென்னை

அப்படியென்றால் முதல் பத்துத் தீர்ப்பு வரும் வரை நாங்கள் எல்லாம் சோதனை எலிகளா? பாதுகாப்பில் தவறினால் 250 கோடி வரை என்று எழுதியிருக்கிறது. என் நிறுவனத்தின் மொத்த மதிப்பே அதில் நூற்றில் ஒரு பங்கு வராது.

#10 · வக்கீல்_மேலமாசி · மதுரை

'வரை' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள் சார். மீறல் குறிப்பிடத்தக்க அளவு என்று வாரியம் விசாரித்து முடிவு செய்தால்தான் அபராதமே. தொகையைத் தீர்மானிக்கும்போது மீறல் எவ்வளவு கடுமையானது, எத்தனை நாள் நீடித்தது, திரும்பத் திரும்ப நடந்ததா, தெரிந்தவுடன் தடுக்க என்ன செய்தீர்கள், இந்தத் தொகை இந்த ஆளுக்குப் பொருந்துமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். 33ஆம் பிரிவு. ஸ்டார்ட்அப்களுக்குச் சில கடமைகளிலிருந்து விலக்குத் தரவும் 17ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது.

ஆனாலும் உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. 250 கோடி என்ற உச்சத்தை எழுதினார்களே தவிர, பத்துப் பேர் நிறுவனத்துக்கு எந்த அளவில் தொடங்கும் என்பதற்கு ஒரு கோடு கூடப் போடவில்லை. அது குறைதான்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று. அந்த அபராதம் முழுவதும் அரசின் தொகுநிதிக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க வழி வைத்திருந்த தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. கோவையில் வந்து நின்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு இதில் ஒரு ரூபாய் கிடையாது. இந்த விஷயத்தில் சட்டம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது, அதுதான் கஷ்டம்.

#11 · கணிநெசவு · கோவை

மேடம், அந்த எஸ்எம்எஸ் 'தரவு மீறல்' கணக்கில் வருமா? நாளைக்கு வேறொருவர் ரிப்போர்ட்டைத் தவறான வாட்ஸப் நம்பருக்கு அனுப்பிவிட்டால்?

#12 · வக்கீல்_மேலமாசி · மதுரை

எஸ்எம்எஸ் போனது அவரே கொடுத்த நம்பருக்கு. அதைத் தற்செயலாக வெளியானது என்று சொல்வது கடினம். கேட்காமல் பயன்படுத்தியது என்ற பக்கத்திலிருந்துதான் அதைப் பார்க்க வேண்டும்.

தவறான நம்பருக்குப் போன ரிப்போர்ட் சந்தேகமே இல்லாமல் மீறல். ஒருவருடையது என்றாலும் மீறல்தான். சம்பந்தப்பட்டவருக்குத் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும், வாரியத்துக்கும் தாமதமில்லாமல் சொல்லி, 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் கொடுக்க வேண்டும். சைபர் தாக்குதல் போன்ற சம்பவமாக இருந்தால் அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் அங்கேயும் சொல்ல வேண்டும். கடிகாரம் இரண்டு.

#13 · ரைன்கரை · ஜெர்மனி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரிலும் 72 மணி நேரம்தான். ஆனால் யாருக்கும் ஆபத்து வர வாய்ப்பில்லாத மீறலை ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அந்த 'ஆபத்து' எது என்று முடிவு செய்வதிலேயே 72 மணி நேரத்தில் பாதி போகிறது. எங்கள் குழுவில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு முழுக்க அதைப் பேசியே உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

#14 · தீவுத்தமிழ் · சிங்கப்பூர்

இங்கே 2021 பிப்ரவரியிலிருந்து ஒரு எண்ணிக்கையே உண்டு: 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டால், அல்லது ஒருவருக்கே பெரிய தீங்கு வரும் என்றால், மீறல் அந்த அளவுக்கானது என்று தெரிந்து மூன்று நாளுக்குள் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டத்தின் 'எதுவானாலும் சொல்' என்பது தெளிவில் எங்களுடையதை மிஞ்சுகிறது. ஆனால் ஊரில் உள்ள எல்லா ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு தவறான வாட்ஸப்பையும் சொல்லத் தொடங்கினால், வாரியம் அந்தக் குவியலில் பெரிய திருட்டை எப்படிக் கண்டுபிடிக்கும்? தெளிவாக இருப்பது வேறு, செய்ய முடிவது வேறு. நாம் 'தெளிவில்லை' என்று சொல்லும் பல இடங்களில் உண்மையில் சொல்ல வருவது இந்த இரண்டாவதைத்தான் என்று நினைக்கிறேன்.

#15 · யாழ்_நிரலர் · யாழ்ப்பாணம்

எங்கட பக்கத்து நிலைமையையும் பதிந்து வைக்கிறேன். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தெற்காசியாவிலேயே முன்னோடி என்று பேசப்பட்டது. முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன, அதே ஆண்டு திருத்தம் கொண்டுவந்து அந்தத் திகதியைத் தள்ளிவிட்டார்கள். நாங்கள் ஒரு ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறபடியால் அவர்களின் ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனைகளை எப்படியும் பின்பற்றுகிறோம். உள்ளூர் வேலைக்கும் அதையே வைத்துக்கொண்டோம். திகதிக்காகக் காத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

#16 · கணிநெசவு · கோவை

எல்லோருக்கும் நன்றி. டியூஷன் சென்டர் கேள்வியை மறுபடி எடுக்கிறேன். அங்கே 10 வயதிலிருந்து 17 வயது வரை பிள்ளைகள். வருகைப் பதிவு, மதிப்பெண், கட்டணம், பையன் வந்துவிட்டான் என்று அப்பாவுக்கு ஒரு மெசேஜ். அவ்வளவுதான்.

#17 · வக்கீல்_மேலமாசி · மதுரை

இங்கேதான் நானும் கையைப் பிசைகிறேன்.

18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தை. பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும். எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு விதிகளில் உதாரணங்கள் இருக்கின்றன: பெற்றோரின் அடையாளமும் வயதும் ஏற்கெனவே கையில் இருந்தால் அதை வைத்து, இல்லையென்றால் அவரே கொடுக்கும் விவரத்தை வைத்து, அல்லது டிஜிலாக்கர் போன்ற இடத்திலிருந்து வரும் டோக்கனை, அதாவது மின்னணு அத்தாட்சியை வைத்து. இது வரை சரி.

கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கும் இருக்கிறது. கல்வி நடவடிக்கைக்காகவோ பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவோ கண்காணிப்பதற்கும் நடத்தையைக் கவனிப்பதற்கும் மட்டும் என்று அதை வரையறுத்திருக்கிறார்கள். கல்வி கற்பிக்கும் இடம் என்ற விளக்கத்தில் டியூஷன் சென்டரும் அடங்கும் என்றுதான் நான் படிக்கிறேன். அப்படியானால் வருகைப் பதிவும், வந்துவிட்டான் என்ற மெசேஜும் விலக்குக்குள் வரும். கட்டண விவரம்? அது கண்காணிப்பு இல்லையே. எழுத்துக்கு எழுத்து படித்தால், பிள்ளை எங்கே இருக்கிறான் என்று பார்ப்பதற்குச் சம்மதம் வேண்டாம், அவன் பெயரில் ரசீது போடுவதற்குச் சம்மதம் வேண்டும் என்று வருகிறது. சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆனால் எழுதியிருப்பது அதுதான். இந்த ஒரு இடத்தில் அடையாறுவாசி சார் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்: தெளிவில்லை.

அதுவரை, சேர்க்கையின்போது பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போடும்படி வைத்துக்கொள்ளுங்கள். எப்படிப் படித்தாலும் அது உதவும்.

#18 · வரவேற்பு_மேசை · திருப்பூர்

எனக்கு ஒரு உதவி வேண்டும். மேடம் சொன்னபடி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். போன் தருவதாகச் சொன்னார்கள். மேசையில் ஒட்ட ஒரு அறிவிப்பும் கேட்டார்கள். கம்ப்யூட்டர் ஆள் ஒன்று கொண்டுவந்தார். 'தரவு முதன்மையாளராகிய தாங்கள் தங்களது தனிநபர் தரவுகளைச் செயலாக்கம் செய்வதற்கான ஒப்புதலை இதன்மூலம் வழங்குகின்றீர்கள்' என்று இருந்தது. எனக்கே புரியவில்லை. பல்லடத்திலிருந்து பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பாட்டிக்கு எப்படிப் புரியும்?

#19 · பற்றுவரவு · ஈரோடு

அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் அறிவிப்பைப் படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எளிய, தெளிவான மொழியில், வேறு எதையும் படிக்காமலே புரியும்படி இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதனால் அந்தக் கம்ப்யூட்டர் ஆள் கொண்டுவந்ததுதான் சட்டப்படி தவறு, நீங்கள் கேட்பது சரி. நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

'உங்கள் பெயர், வயது, போன் நம்பர், நோய் விவரம் ஆகியவற்றை இங்கே கம்ப்யூட்டரில் பதிகிறோம். சிகிச்சைக்கும் பில்லுக்கும் மட்டும்தான் பயன்படுத்துவோம். இன்ஷூரன்ஸ் இருந்தால் மட்டும் ஆதார் நகல் கேட்போம். உங்கள் போனுக்கு மெசேஜ் அனுப்பலாமா என்று தனியாகக் கேட்போம், வேண்டாம் என்றாலும் சிகிச்சை உண்டு. பிறகு மனம் மாறினால் இதே மேசையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். குறை இருந்தால் யாரிடம் சொல்வது:'

கடைசியில் பெயரும் நம்பரும் போடுங்கள், வாரியத்திடம் எப்படிப் புகார் செய்வது என்பதையும் சேருங்கள். மேடம் ஒரு முறை பார்த்துவிட்டால் நல்லது.

#20 · வக்கீல்_மேலமாசி · மதுரை

பார்த்தேன். சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்பது சட்டம். 'இதே மேசையில் ஒரு வார்த்தை' என்று எழுதியதில் அது வந்துவிட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள் அம்மா. முடிந்தால் மெதுவான குரலில்.

#21 · அடையாறுவாசி · சென்னை

2027 வரை காத்திருப்பேன் என்று எழுதியிருந்தேன். அதை முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை, குழந்தைகள் பகுதிக்கு நான் இப்போது ஒரு ரூபாய் செலவழிக்க மாட்டேன். ஆனால் வரவேற்பு_மேசை அம்மா எழுதியதைப் படித்தபின் எங்கள் பையன்களின் லேப்டாப்களைத் திறந்து பார்க்கச் சொன்னேன். டெஸ்ட் செய்வதற்காக என்று இறக்கிய நிஜ வாடிக்கையாளர் பட்டியல் மூன்று லேப்டாப்பில் இருந்தது. அதில் ஒன்று, வேலையை விட்டுப் போனவருடையது, அலமாரியில் கிடந்தது. இதை அழிக்க எந்த விதியின் விளக்கத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் அன்றைக்கே அழித்துவிட்டோம்.

#22 · கணிநெசவு · கோவை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தானாக விழும் டிக்கை எடுத்துவிட்டோம். போன் நம்பர் கட்டத்துக்குக் கீழே இப்போது ஒரு கேள்வி வருகிறது: 'இந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பலாமா? அனுப்பலாம் / வேண்டாம்'. பதில் போடாமல் அடுத்த திரைக்குப் போக முடியாது. மெசேஜிலும் கிளினிக் பெயரை எடுத்துவிட்டு 'உங்கள் அப்பாயின்ட்மென்ட் நாளை 10.30' என்று மட்டும் போகிறது. பில் விவரத்தைத் தனி அட்டவணையாகப் பிரிக்கும் வேலை பாதியில் இருக்கிறது, ஆறு வருஷமாக எழுதிய புரோகிராம், சுலபமாக வரமாட்டேன் என்கிறது. எக்செல்லாக இறக்கும் பட்டனை டாக்டர் லாகினுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். மேடம் கொடுத்த மாதிரியை வைத்து இரண்டு பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் எழுதினேன். நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் குழந்தைப்பேறு கிளினிக்கில் புதுத் திரை வந்த முதல் நாள், ஒரு பெண் மானிட்டரை எட்டிப் பார்த்து, 'வேண்டாம்' என்பதைக் காட்டி, "இதுல போடுங்க" என்றாராம். முன்னால் வந்தவரின் நம்பரை கிளினிக் அழித்துவிட்டது. அவருடைய பில் ஒன்று மட்டும் இருக்கிறது. அவர் இதுவரை திரும்ப வரவில்லை.

டியூஷன் சென்டரின் ரசீது விஷயம் அப்படியே நிற்கிறது. பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு படிவம் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு பையனுக்குத் தாத்தாதான் கட்டணம் கட்டுகிறார், அப்பா அம்மா இருவரும் துபாயில். சட்டப்படியான காப்பாளர் என்று தாத்தாவிடம் காகிதம் எதுவும் இல்லை. மேடம், இந்த இடத்தில் யார் கையெழுத்தை வாங்குவது?